டெவல்யூஷன்: பரவலும் அல்ல, பகிர்வும் அல்ல

"அதிகாரப் பரவலாக்கம் பெற்ற ஸ்காட்லாந்து அரசு, ஒதுக்கப்பட்ட துறைகள் நீங்கலாக, சமூக வீட்டுவசதி முதலானவற்றைக் கவனிக்கிறது." பிரிட்டன் அரசியலைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் இந்த வாக்கியம் ஏதாவதொரு உருவில் எதிரே வந்து நிற்கிறது. இதில் கலைச்சொற்கள் மூன்று: அதிகாரப் பரவலாக்கம், ஒதுக்கப்பட்ட துறைகள், சமூக வீட்டுவசதி. மூன்றுமே சரியில்லை. நடுவில் இருப்பது, சொல்ல வந்ததற்கு நேர்மாறான பொருளையே தந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 'அதிகாரப் பரவலாக்கம்' என்பதன் ஆங்கில மூலச்சொல். டெவல்யூஷன் லத்தீன் வழி வந்தது. கீழே உருண்டு வருதல் என்பது வேர்ப்பொருள். சொத்துக்குத்தான் அதிகம் புழங்கியது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுத் தலைப்பில்கூட இந்தச் சொல் இருக்கிறது. 'சொத்து பிள்ளைகளுக்கு இறங்கும்' என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான். அரசியலுக்கு வந்தபோது, மேலே இருக்கும் நாடாளுமன்றம் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியைச் சட்டம் போட்டுக் கீழே உள்ள ஒரு மன்றத்துக்குக் கொடுப்பது என்று பொருள் நிலைத்தது. கொடுத்த பிறகும் இறையாண்மை கொடுத்தவரிடமே இருக்கும். 1998-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டம், ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவில் உள்ள மன்றத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கொடுத்த அதே 28-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவில், ஸ்காட்லாந்துக்காகச் சட்டமியற்ற பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை இது பாதிக்காது என்று எழுதி வைத்திருக்கிறது. கடையை மகன் பொறுப்பில் விட்டுவிட்டுப் பத்திரத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் அப்பாவின் ஏற்பாடு இது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

இதை 'அதிகாரப் பரவலாக்கம்' என்று எழுதுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. பரவலாக்கம் நல்ல சொல்தான். அதற்கென்று வேறு வேலை இருக்கிறது. ஓரிடத்தில் குவிந்து கிடப்பதைப் பல இடங்களுக்குக் கொண்டுபோவது பரவலாக்கம். 73, 74-ஆவது அரசமைப்புத் திருத்தங்களுக்குப் பிறகு ஊராட்சிகள், நகராட்சிகள் பற்றி நாம் பேசுவது அதுதான். டெவல்யூஷனில் அதிகாரம் லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் போகிறது. அவ்வளவே. எடின்பரோவிலிருந்து அது இன்னும் கீழே இறங்குகிறதா, அங்கேயே உட்கார்ந்துவிடுகிறதா என்பது தனிக்கதை.

பெரும்பாலும் உட்கார்ந்துதான் விடுகிறது. ஸ்காட்லாந்தில் வட்டாரத்துக்கு ஒன்றாக எட்டுக் காவல் படைகள் இருந்தன. 2013 ஏப்ரல் 1 முதல் அவை அனைத்தையும் ஒரே படையாக இணைத்தது லண்டன் அல்ல, எடின்பரோ அரசு. உள்ளூராட்சி மன்றங்கள் வசூலிக்கும் கவுன்சில் வரியைப் பல ஆண்டுகள் உயராமல் பிடித்து நிறுத்தியதும் எடின்பரோதான். 'அதிகாரப் பரவலாக்கம் பெற்ற அரசு எட்டுக் காவல் படைகளை ஒன்றாக்கியது' என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் எழுதியவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்.

வீட்டு விவகாரத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். வட அயர்லாந்தில், டைரோன் மாவட்டத்தின் காலிடன் என்ற சிற்றூரில், 1968 ஜூனில் ஒரே ஒரு கவுன்சில் வீட்டுக்காக, அதாவது உள்ளூர் மன்றம் வாடகைக்கு விடும் வீட்டுக்காக, சண்டை வந்தது. பிள்ளைகுட்டிகளோடு கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடில்லாமல் காத்திருக்க, புதிதாகக் கட்டிய வீடொன்றை 19 வயதுத் திருமணமாகாத புராட்டஸ்டன்ட் பெண்ணுக்குக் கொடுத்தது உள்ளூர் மன்றம். ஆஸ்டின் கரி என்ற வட அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் வேறு சிலரோடு அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வெளியே இழுத்துப் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வட அயர்லாந்தின் முதல் குடிமை உரிமைப் பேரணி நடந்தது. வீடு கொடுக்கும் அதிகாரம் ஊர் ஊராகப் பரவிக் கிடந்ததுதான் நோய் என்று முடிவு கட்டி, 1971-இல் அதை உள்ளூர் மன்றங்களிடமிருந்து பிடுங்கி, வட அயர்லாந்து முழுமைக்கும் ஒரே வீட்டுவசதி நிர்வாக அமைப்பை உண்டாக்கினார்கள். இன்றைக்கும் அங்கே மிகப் பெரிய வீட்டு உரிமையாளர் அந்த அமைப்புதான். பரவலாக இருந்ததைக் குவித்த கதை இது. இதற்கும் 'பரவலாக்கம்' என்றே பெயர் வைப்பேன் என்றால் என்ன செய்வது?

அடுத்த கட்சி 'அதிகாரப் பகிர்வு'. இவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, ஏனென்றால் இலங்கையில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட அரசியல் இருக்கிறது. ஆனாலும் அதுவும் பொருந்தாது. மறுபடியும் வட அயர்லாந்தையே எடுத்துக்கொள்வோம். 1998-ஆம் ஆண்டு பெரிய வெள்ளி உடன்படிக்கையின்படி அங்கே பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு சேர விரும்புவோர் என்ற இரு தரப்பும் சேர்ந்துதான் அமைச்சரவை நடத்த வேண்டும். முதலமைச்சருக்கும் துணை முதலமைச்சருக்கும் பட்டத்தில்தான் வேறுபாடு, அதிகாரம் சமம். இதற்கு ஆங்கிலத்தில் பவர் ஷேரிங் என்று பெயர். அதிகாரப் பகிர்வு என்ற தமிழ் இதற்கு அச்சாகப் பொருந்தும். லண்டன் வட அயர்லாந்துத் தலைநகர் பெல்ஃபாஸ்டுக்குக் கொடுத்தது வேறு, பெல்ஃபாஸ்டுக்குள் இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்வது வேறு. 1921 முதல் 1972 வரை வட அயர்லாந்தில் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. காலிடன் வீட்டுக்கும் அதன் பின் வந்த ரத்தக்களரிக்கும் காரணமே அதுதான். இரண்டையும் 'அதிகாரப் பகிர்வு' என்று மொழிபெயர்த்தால், 'ஐம்பது ஆண்டுகள் அதிகாரப் பகிர்வு இருந்தும் அதிகாரப் பகிர்வு இல்லை' என்று எழுத வேண்டிவரும். எழுதியும் இருக்கிறார்கள்.

இலங்கை விஷயத்துக்கு வருகிறேன். பகிர்வு என்றால் இருவருக்கும் உரிமையுள்ள ஒன்றைப் பங்கிடுவது. தமிழர்கள் கேட்டது அது. 1987-இல் 13-ஆவது திருத்தத்தின் வழி வந்தது அது அல்ல. மாகாண சபைகள் மத்திய அரசுக்குக் கீழ்ப்பட்டவை, ஆகவே ஒற்றையாட்சிக்குப் பங்கம் இல்லை என்று சொல்லித்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அந்தத் திருத்தத்தை அனுமதித்தார்கள். கோரிக்கையின் பெயரைக் கிடைத்த பொருளுக்குச் சூட்டினால் லாபம் கொடுத்தவனுக்குத்தான். காணி, பொலிஸ் அதிகாரங்களை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் நிலையை 'பகிர்ந்தாயிற்று' என்று எந்த வாயால் சொல்வது? இலங்கையின் புதிய அரசமைப்புக்கான 2017-ஆம் ஆண்டு இடைக்கால அறிக்கையில் சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய' என்று இருந்தது தமிழில் 'ஒற்றையாட்சி'யாக வராமல் 'ஒருமித்த நாடு' என்று வந்தது நினைவிருக்கும். சொல்லை மழுப்பினால் இரு பக்கமும் சந்தேகம்தான் மிஞ்சும் என்பதற்கு அது போதாதா?

நிதிக்குழுவின் டாக்ஸ் டெவல்யூஷனை 'வரிப் பகிர்வு' என்கிறோமே என்பார்கள். அது சரியே. 15-ஆவது நிதிக்குழு பகிர்ந்தளிக்க வேண்டிய தொகுப்பில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்றது. அதற்குள் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். பங்கு பிரிப்பது பகிர்வுதான். மூலத்தில் ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் ஒரே சொல்தான் இருக்க வேண்டும் என்று எந்தத் தொல்காப்பியமும் சொல்லவில்லை.

'மாநில சுயாட்சி' என்று எழுதுபவர்களுக்கு ஒரு பத்தி போதும். ஸ்காட்லாந்து மாநிலமே அல்ல. நம் மாநிலப் பட்டியல் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. அதில் கை வைக்க மாநிலச் சட்டமன்றங்களில் குறைந்தது பாதியாவது ஒப்ப வேண்டும். வட அயர்லாந்தின் ஸ்டார்மான்ட் நாடாளுமன்றத்தை 1972 மார்ச்சில் லண்டன் முடக்கிவைக்க யார் சம்மதமும் தேவைப்படவில்லை.

இப்போது 'ஒதுக்கப்பட்ட துறைகள்'. வெளியுறவு, பாதுகாப்பு, சமூகநல உதவித்தொகைகளில் பெரும்பகுதி ஆகியவற்றை லண்டன் கொடுக்காமல் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. ரிசர்வ்டு என்பதை அகராதியில் பார்த்து 'ஒதுக்கப்பட்ட' என்று போட்டுவிடுகிறார்கள். இடஒதுக்கீட்டிலும் நிதி ஒதுக்கீட்டிலும் ஊறிய தமிழ் வாசகருக்கு ஒதுக்குவது என்றால் இன்னாருக்கென்று எடுத்துக் கொடுப்பது. 'ஸ்காட்லாந்து ஆட்சியில் உதவித்தொகை ஒதுக்கப்பட்ட துறை' என்று படித்தால், அது ஸ்காட்லாந்துக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் அவர் புரிந்துகொள்வார். இந்தப் பிழைக்கு நூறு வயது. 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளுக்கே டெவல்யூஷன் விதிகள் என்றுதான் பெயர். சென்னை மாகாணத்தில் கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி எல்லாம் நீதிக்கட்சி அமைச்சர்களிடம். போலீசும் நிலவரியும் ஆளுநர் பிடியில். பாடப்புத்தகம் பின்னதை 'ஒதுக்கப்பட்ட துறைகள்' என்றது. இரட்டையாட்சிப் பாடத்தில் யாரிடம் எது இருந்தது என்று பிள்ளைகள் மாற்றி எழுதினால் தவறு அவர்களுடையது அல்ல.

இந்தக் குழப்பத்தால் செய்தி எப்படிக் கெடும் என்பதற்கு ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாம். கிளாஸ்கோவில் மூன்று படுக்கையறை வீட்டில் குறைந்த வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தம்பதி. பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள்; இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. 2013 ஏப்ரல் முதல், கூடுதலாக ஓர் அறை இருந்தால் வாடகையில் 14 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதம் என்று வாடகை உதவித்தொகையிலிருந்து வெட்டினார்கள். படுக்கையறை வரி என்று மக்கள் பெயர் வைத்தார்கள். வெட்டியது லண்டன், ஏனென்றால் உதவித்தொகை லண்டன் கையில். வீட்டுவசதித் துறை எடின்பரோவிடம் இருந்தும் அந்த விதியை எடின்பரோவால் நீக்க முடியவில்லை. அதனால் உள்ளூர் மன்றங்கள் வழியாக, வெட்டுப்பட்ட தொகையைத் தன் கஜானாவிலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறது. ஒரு வாடகைச் சீட்டில் ஒரு அரசு கழிப்பதை இன்னொரு அரசு கூட்டுகிறது. 'ஒதுக்கப்பட்ட துறை' என்று படித்த நம் வாசகர் எடின்பரோவைத் திட்டுவார்.

அதற்காகக் கொடுத்தது அற்பம் என்று நினைத்துவிடக் கூடாது. குடியிருக்கும் கவுன்சில் வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை 1980-இல் தாட்சர் காலத்துச் சட்டங்களால் வந்தது. ஸ்காட்லாந்து அதை 2016 ஆகஸ்ட் 1-இல் ஒழித்தது. வேல்ஸ் 2019 ஜனவரி 26-இல் ஒழித்தது. இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறது. வேல்ஸ் தலைநகர் கார்டிஃபிலும் இங்கிலாந்தின் பிரிஸ்டலிலும் ஒரே மாதிரி வீட்டில் இருக்கும் இரு குடித்தனக்காரர்களில் பிரிஸ்டல்காரர் வீட்டை வாங்கலாம், கார்டிஃப்காரர் வாங்க முடியாது.

அந்த வீடுகளைத்தான் 'சமூக வீடுகள்' என்கிறார்கள். திருமண விளம்பரத்திலும் மாநாட்டுப் பேனரிலும் சமூகம் என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாதா? சாதி சங்கம் கட்டிய வீடு என்று ஒருவர் புரிந்துகொண்டால் குற்றம் சொல்ல முடியாது. மதம் பார்த்து வீடு கொடுத்ததால் பற்றியெரிந்த ஊரைப் பற்றி எழுதும்போது அது வெறும் வேடிக்கை அல்ல. 'அரசு வீடு' என்றாலும் தவறு: கிளாஸ்கோ மாநகர மன்றம் 2003-இல் சுமார் 80,000 வீடுகளை ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. 'ஹவுசிங் போர்டு வீடு' என்றால் தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்வது என்றே நமக்குத் தோன்றும். அங்கே இருப்பது வாடகை. சந்தையைவிடக் குறைந்த வாடகை, தேவை பார்த்து ஒதுக்கீடு, லாப நோக்கமில்லாத உரிமையாளர். 'சகாய விலை' என்று கடைப் பலகையில் எழுதிப் பழகிய நமக்கு 'சகாய வாடகை வீடு' உடனே புரியும். சகாயம் வடசொல் என்று புருவம் உயர்த்துபவர்கள் உயர்த்திக்கொள்ளட்டும். புரியாத தூய தமிழைவிடப் புரிகிற கலப்புத் தமிழ் எனக்கு மேல்.

டெவல்யூஷனுக்கு நான் எழுதுவது 'அதிகாரக் கையளிப்பு'. லண்டன் நிறுத்திக்கொண்டவற்றுக்குத் 'தன்வசத் துறைகள்'. ஒப்படைப்பு என்று சொல்லலாமே என்றால், மேலதிகாரி கீழதிகாரிக்குக் கையொப்ப உரிமை தருவதற்கு அந்தச் சொல் அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்குகிறது. கீழதிகாரி மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து மன்றம் தன் வாக்காளருக்குப் பதில் சொல்கிறது. கையளிப்பு ஈழத்து வழக்கு என்பது ஒரு குறையா? மகஜரைக் கையளித்தார்கள் என்று யாழ்ப்பாணத்துப் பத்திரிகை எழுதினால் மதுரையில் யாருக்குப் புரியாமல் போகிறது? கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம் என்ற குறிப்பு அந்தச் சொல்லில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கை என்று ஒன்று அதில் இருக்கிறது. கொடுத்த கை எது என்று கேட்கத் தோன்றும். பரவலாக்கத்தில் அது தெரியவே தெரியாது. ஏதோ தானாகப் பரவியது போல இருக்கும்.

என் எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெல்ஷ் மொழியில் டெவல்யூஷனுக்கு 'தத்கனோலி' என்றுதான் பெயர். பிரித்தால் மையத்திலிருந்து விலக்குதல், அதாவது நம் பரவலாக்கமேதான். வேல்ஸில் 1997 வாக்கெடுப்பில் வெறும் 6,721 வாக்குகள் வித்தியாசத்தில் அது நிறைவேறியது. லண்டனிலிருந்து புறப்பட்டது கார்டிஃபோடு நின்றுவிட்டது, எங்கள் பக்கம் வரவேயில்லை என்று வடக்கு வேல்ஸ்காரர்கள் அன்றிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்கள். தத்கனோலியைக் காட்டி என்னிடம் வாதாட வருபவர்கள் முதலில் வடக்கு வேல்ஸின் பாங்கர் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு வரட்டும்.