சிறுநகரக் கிளை மேலாளரும் ஊர்ப் பொறுப்புகளும்: கவனிக்க வேண்டியவை

கும்பகோணத்தில் 1904, கரூரில் 1916, தூத்துக்குடியில் 1921. இன்றைய சிட்டி யூனியன், கரூர் வைஸ்யா, தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிகள் பிறந்த ஊர்களும் ஆண்டுகளும் இவை. யார் நாணயமானவர், யாருக்கு எந்த மாதம் பணம் முடங்கும் என்று ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான் அந்த வங்கிகளின் முதல் பலம். இன்றும் சிறுநகரக் கிளை மேலாளருக்கு அந்த அறிவு வேண்டும். அதைத் தேடி ஊருக்குள் போகும்போது வரும் ஆபத்துகளும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மக்கள்தொகை பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்குள் இருக்கும் ஊரைத்தான் ரிசர்வ் வங்கிக் கணக்கில் ‘செமி அர்பன்’ என்கிறோம். அங்கே புதிதாக ஒரு மேலாளர் பொறுப்பேற்றால் அழைப்புகள் வரிசையாக வரும்: வர்த்தகர் சங்கக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, ரோட்டரி, கோயில் திருப்பணிக் குழு. போக வேண்டும், தயங்கக் கூடாது. நான்கு கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தால் தெரியவரும் விஷயம் பத்துக் கோப்புகளைப் புரட்டினாலும் கிடைக்காது. ஆனால் “நீங்களே பொருளாளரா இருந்துடுங்க சார்” என்ற வேண்டுகோளை மட்டும் மரியாதையாக மறுத்துவிடுவதே நல்லது. அந்தச் சங்கத்தின் கணக்கு உங்கள் கிளையிலேயே இருந்தால், மறுப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. காசோலையில் கையெழுத்துப் போடுபவரும் அதைப் பாஸ் செய்யும் கிளையின் தலைவரும் ஒருவராக இருக்கக் கூடாது. நன்கொடை வசூலும் அப்படித்தான். பொதுத்துறை வங்கி அதிகாரிகளின் நடத்தை விதிகளின்படி, நிதி திரட்டுவதில் ஈடுபட முன் அனுமதி தேவை.

இதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு? தவறு நடக்கும் விதம் தெரிந்தால் விளங்கும். திருப்பணி நன்கொடைப் பட்டியலில் பெரிய தொகை எழுதிய வியாபாரிக்கு உங்கள் கிளையில் சிசி கணக்கு (சரக்கை ஈடாக வைத்து, ஒரு வரம்புவரை பணம் எடுக்கும் கேஷ் கிரெடிட் கடன்) இருக்கிறது. லிமிட் முடிந்துவிட்டது, காசோலை வந்து நிற்கிறது. “ரெண்டு நாள்ல கட்டிடுறேன் சார்” என்று போன் வருகிறது. முந்தின நாள் மாலைதான் ஒரே மேடையில் இருந்திருக்கிறீர்கள். பாஸ் செய்கிறீர்கள். அதே நாளில் மேலலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை போகவில்லை. அடுத்த மாதம் இன்னொரு காசோலை. கையிருப்புச் சரக்கின் கணக்கான ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் வரவில்லை, கேட்கக் கூச்சம். மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்ட்டை வைத்துக் கணக்கிட்ட டிராயிங் பவரில் (சரக்கு மதிப்பின்படி எடுக்கக்கூடிய தொகையில்) பணம் எடுக்கவிட்டால் அது ஒழுங்கற்ற பற்றாகவே கருதப்படும். அந்த நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால் கணக்கு வாராக்கடன். விசாரணை வரும்போது நட்பு என்று யாரும் எழுதமாட்டார்கள். அதிகார வரம்பை மீறினார், அறிக்கை அனுப்பவில்லை என்ற இரண்டும்தான் குற்றச்சாட்டில் இருக்கும்.

இதற்குத் தீர்வு பழகுவதை நிறுத்துவதல்ல, எழுதிவைப்பதுதான். தெரிந்தவர் கடன் கேட்டால், கடனைப் பரிசீலித்து எழுதும் ப்ராசஸ் நோட்டிலேயே “விண்ணப்பதாரர் தலைவராக உள்ள சங்கத்தில் நானும் உறுப்பினர்” என்று ஒரு வரி சேருங்கள். கடை ஆய்வுக்கு உங்களோடு இன்னொரு அதிகாரியையும் அழைத்துச் செல்லுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய விற்பனையையும் கணக்கில் வந்த வரவையும் மாதவாரியாக ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், வேறு வங்கியில் கணக்கு ஓடுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். உறவினர் என்றால் பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கடனை அனுமதிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, அடுத்த மேல்நிலை அதிகாரிக்குத்தான் போக வேண்டும்.

ரகசியம் கசிவது பெரும்பாலும் கல்யாண மண்டபங்களில்தான். சம்பந்தம் பேசுகிறவர் அருகில் வந்து உட்கார்ந்து, “அவங்க வரவு செலவு எப்படி சார்?” என்று கேட்பார். நல்ல மனிதர், நல்ல நோக்கம். ஆனாலும் வாடிக்கையாளர் விவரத்தை வெளியிடக் கூடாது என்று 1970ஆம் ஆண்டின் வங்கிகள் தேசியமயச் சட்டம், 13ஆம் பிரிவில், கட்டளையிடுகிறது. நல்லவரைப் பற்றிக் கேட்டால் புகழ்ந்துவிட்டு, மற்றவரைப் பற்றிக் கேட்டால் மௌனமாக இருந்தால், அந்த மௌனமே பதிலாகிவிடும். யாரைப் பற்றிக் கேட்டாலும் “கணக்கு விஷயம் பேசுறதில்லைங்க” என்ற ஒரே பதிலைச் சொல்லிப் பழகுங்கள்.

ஜாமீன் கையெழுத்து இன்னொரு வேதனை. ஊரில் மதிப்புள்ள பெரியவர்கள் முகத்துக்காகக் கையெழுத்துப் போடுகிறார்கள், “சும்மா சாட்சிதானே” என்ற நினைப்பில். இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். கடன் வாங்கியவரை விட்டுவிட்டு ஜாமீன்தாரரிடமே வங்கி நேராக வரலாம். இதை நல்ல தமிழில், கையெழுத்துக்கு முன், மேலாளரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதனால் சிலர் எழுந்து போய்விடலாம், கடன் நின்றுபோகலாம். பரவாயில்லை.

சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொதுப்பணத்தைத் தனிநபர் சேமிப்புக் கணக்கில் ஒருநாளும் போடாதீர்கள். சங்கத்தின் பெயரில், பான் எண்ணோடு, தீர்மானத்தின் பேரில், குறைந்தது இருவர் கையெழுத்தில் கணக்கு இருக்கட்டும். இரண்டாமவர் ஊரில் இல்லை என்று முன்கூட்டியே கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை வைத்துக்கொள்வதுதான் பல சங்கங்களில் வம்பு தொடங்கும் இடம். நிர்வாகிகள் மாறினால் அந்த வாரமே தீர்மான நகலை வங்கியில் கொடுத்துப் பழைய கையெழுத்துகளை நீக்குங்கள்.

பொதுத்துறை வங்கியில் அதிகாரிகளின் முதல் படிநிலையான ஸ்கேல் ஒன்றில் சேர்பவர் ஆறு, ஏழு என்று ஏறினால் துணைப் பொது மேலாளர், பொது மேலாளர். கிராம, சிறுநகரப் பணி பல வங்கிகளில் பதவி உயர்வுக்கு நிபந்தனையாகவும் இருக்கிறது. உச்சிக்குப் போனாலும் பிரச்சினையின் உருவம் மாறுவதில்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949, தன் இயக்குநருக்கோ அவர் பங்குதாரராக உள்ள நிறுவனத்துக்கோ வங்கி கடன் தருவதை 20ஆம் பிரிவில் தடுக்கிறது. கிளையில் ஒரு வரி எழுதிப் பழகியவருக்கு இயக்குநர் குழுவில் “இந்தப் பொருளில் எனக்குத் தொடர்பு உண்டு” என்று எழுந்து செல்வது சிரமமாக இருக்காது.

முக்கியப் பணிகளில் இருப்பவரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, தொடர்ந்து குறைந்தது 10 வேலை நாள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இல்லாத நாட்களில் இன்னொருவர் கோப்பைத் திறந்து எல்லாம் சரி என்று பார்ப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு.

மாற்றல் உத்தரவு வந்ததும், பணியிலிருந்து விடுபடும் நாளுக்கு முன்பே, ஊர் அமைப்புகளில் உள்ள பொறுப்புகளை எழுத்துமூலம் துறந்து, நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழி அனுமதியில் நிற்கும் கூடுதல் பற்று ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஒழுங்குபடுத்துங்கள், அல்லது பொறுப்பேற்பவருக்குப் பட்டியலாக எழுதிக் கொடுங்கள். பிரிவுபசார விழாவில் மாலையும் சால்வையும் போதும். கடன்தாரர்கள் சேர்ந்து தரும் மோதிரத்தை அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.