விறகு மிச்சமாகும் வழி தொலி உரிக்கிற பெண்களுக்குத் தெரியும்

கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலைகளில், அதாவது நம்ம ஊர் அண்டியாபீஸ்களில், எரிபொருளை மிச்சப்படுத்தவும் கழிவைக் குறைக்கவும் ஆலோசனை சொல்வது என் தொழில். முதலாளிமார் முதலில் கேட்பது, "எந்த மெஷின் வாங்கலாம்?" பருப்பின் தொலி, அதாவது மேல்தோல், உரிக்கிற பெண்களிடம் கேட்டீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

போர்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடு உடைத்த பருப்பைத் தட்டுகளில் பரப்பி, சுமார் 70 டிகிரி சூட்டில் பல மணி நேரம் உலர்த்தும் அறை. எல்லாத் தட்டுக்கும் சூடு ஒரே மாதிரி கிடைக்காது. பதமாகக் காய்ந்த பருப்பில் விரலால் தேய்த்தாலே தொலி கழன்றுவிடும். காயாததைக் கத்தியால் சுரண்ட வேண்டும். காய்ச்சல் கூடினாலோ பருப்பு நொறுங்கும், விலை போச்சு. ஓர் ஆலையில் கடைசித் தட்டு காயும்வரை எல்லாவற்றையும் உள்ளேயே வைத்து விறகு போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே தொலி உரிக்கும் ஓர் அக்கா, முந்திக் காயும் தட்டுகளை முதலில் எடுத்துவிட்டு மற்றதை அந்த இடத்துக்கு மாற்றலாமே என்றார். மாற்றினார்கள். விறகும் குறைந்தது, உடைசலும் குறைந்தது.

இது அவருக்குப் பல வருடமாகத் தெரிந்த விஷயம். ஆனால் கூலி கிலோ கணக்கில். எழுந்து போய்ப் பேசும் நேரத்துக்குக் காசு கிடையாது. போய்ச் சொன்னாலும் சூப்பர்வைசர், "நீ உனக்க சோலியப் பாரு" என்பார். அந்த முதலாளி செய்தது இதுதான்: வாரம் ஒருமுறை அரைமணி நேரம், கூலியோடு, எல்லாரையும் உட்காரவைத்து "எங்கே வீணாகுது?" என்று கேட்டார்.

தைவான் மின்னணு நிறுவனங்களை ஆராய்ந்து சென், சாங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2013இல் வெளியிட்ட கட்டுரையும், தலைமைக்குச் சூழல் அக்கறை இருக்கும் இடத்தில் பசுமை யோசனைகளும் கூடுவதைக் காட்டியது. அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் ஊழியர்களின் யோசனைகளை நம்பியே 1975இல் மாசுத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அக்கறை என்றால் சுவரில் 'மரம் வளர்ப்போம்' என்று எழுதிவைப்பது இல்லை. முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். சாம்பலைப் பூசிக்கொண்டு ஓடு உடைக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். புகைபோக்கிக்குச் செலவு செய்துவிட்டு கையுறைக்குக் கணக்குப் பார்க்கும் முதலாளியை அவர்கள் எப்படி நம்புவார்கள்? நம்பாதவரிடம் யோசனை சொல்லவும் மாட்டார்கள்.

எல்லா யோசனையும் தேறாது, சரி. தேறாததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அதே ஆலையில் ஒருவர், ஓட்டை அப்படியே அடுப்பில் போட்டால் விறகே வேண்டாமே என்றார். அதிலுள்ள எண்ணெய் எரிந்தால் கண்ணைக் கரிக்கும் கரும்புகை வரும், ஊர்க்காரர்கள் புகார் கொடுப்பார்கள் என்று முதலாளி பொறுமையாக விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு பெண் அடுத்த வாரம், எண்ணெய் பிழிந்தபிறகு மிஞ்சும் சக்கையை எரிக்கலாமா என்று கேட்டார். இப்போது அதைத்தான் விறகோடு கலந்து எரிக்கிறார்கள்.