பிடிஎஃப் பகிர்வது திருட்டா? ஒரு வழக்கறிஞரின் பார்வை

சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த கையோடு பதிப்பாளர்கள் எங்கள் அலுவலகப் படியேறத் தொடங்கிவிடுவார்கள். ஜனவரியில் வெளியிட்ட நாவல் பிப்ரவரியில் பிடிஎஃப் குழுக்களில் சுற்றும். "புத்தகத்தைத் திருடிட்டாங்க சார், திருட்டு கேஸ் போடணும்" என்பார்கள். அது நிற்காது என்று சொல்வதுதான் என் முதல் வேலை.

ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை, அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவதைத்தான் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 303-வது பிரிவு திருட்டு என்கிறது. பிடிஎஃப் ஆயிரம் பேருக்குப் போனாலும் கிடங்கில் ஒரு பிரதி குறையாது. "என்னங்க காணாமப் போச்சு?" என்று ஸ்டேஷனில் கேட்டால் என்ன சொல்வது? அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1985-ல், எல்விஸ் பிரெஸ்லி பாடல்களின் கள்ள இசைத்தட்டு வழக்கில், அவற்றைத் திருட்டுப் பொருளாகக் கருத மறுத்தது.

இதைப் படித்துக் குழு அட்மின்கள் நிம்மதியாகிவிட வேண்டாம். புத்தகக் காட்சி அரங்கில் 300 ரூபாய் புத்தகத்தைப் பைக்குள் தள்ளி ஒருவர் மாட்டிக்கொள்கிறார் என்று வையுங்கள். மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே. முதல் குற்றம் என்றால், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, சமூக சேவைதான் தண்டனை. அதே புத்தகத்தை ஸ்கேன் செய்து குழுவில் போட்டவருக்கோ 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63-வது பிரிவு: குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிபதி காரணம் எழுதிக் குறைக்கலாம். குறைத்தே ஆகவேண்டும் என்றில்லை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022-ல் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் திருட்டு விசிடி காலத்தில், 2004-ல், குண்டர் சட்டத்திலேயே சினிமாத் திருட்டு நகல் எடுப்பவர்களைச் சேர்த்தார்கள். விசாரணையில்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கும் சட்டம் அது. என்னைக் கேட்டால், அது அதிகப்படி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். புகார் கொடுக்க வரும் சில பதிப்பகங்களின் டிடிபி கணினியில் ஓடுவதே கிராக் செய்த மென்பொருள்தான். தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்கீழ் அதுவும் குற்றம்.

எல்லா பிடிஎஃப்பும் குற்றமில்லை. எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் கழிந்த நூல்கள், அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் உள்ள சங்க இலக்கியங்கள், இவற்றைத் தாராளமாகப் பகிரலாம். ஆனால் அந்த நூலுக்கு இன்று ஒருவர் எழுதிய உரைக்கும் முன்னுரைக்கும் தனி உரிமை உண்டு.

பாதிக்கப்பட்டவர்கள் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: குழுவின் பெயர், இணைப்பு, தேதி, நேரம் எல்லாம் தெரியவேண்டும். நீதிமன்றத்தில் அதைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும். பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லையே என்று தயங்க வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. அடுத்து, இணைப்பை வைத்திருக்கும் தளத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்புங்கள். 2013-ம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின்படி, புகாரில் நியாயம் இருந்தால், அவர்கள் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்கவேண்டும். அந்த முடக்கம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு போய்ச் சேராவிட்டால் இணைப்பை அவர்கள் மறுபடி திறந்துவிடலாம். பலர் கோட்டைவிடுவது இந்த 21 நாளில்தான்.