ஹாஸ்பிஸ்: சொல்லும் அதன் பராமரிப்புக் குழுவும்

நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இனிப் பயன் தராது என்ற நிலையில், நோயாளியின் வலி, மூச்சுத்திணறல், மன உளைச்சல் ஆகியவற்றைத் தணித்து, எஞ்சிய காலத்தை அவர் விரும்பும் வகையில் வாழத் துணைநிற்கும் பராமரிப்பே ‘ஹாஸ்பிஸ்’. விருந்தினர், விருந்தோம்புவோர் ஆகிய இருவரையும் குறித்த ‘ஹோஸ்பெஸ்’ என்னும் இலத்தீன் சொல் இதன் வேர்; ஹாஸ்பிட்டல், ஹோட்டல் ஆகியனவும் அவ்வேரில் கிளைத்தவையே. இடைக்கால ஐரோப்பாவில் யாத்திரிகர் தங்கிய விடுதிகளுக்கு வழங்கிய இச்சொல், 19ஆம் நூற்றாண்டில் இறக்கும் தறுவாயில் உள்ளோரைப் பேணும் இல்லங்களுக்கு உரியதாயிற்று.

இன்றைய பொருளை நிலைநிறுத்தியது, சிசிலி சாண்டர்ஸ் 1967இல் இலண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸ் ஆகும். செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான அவர், வலியில் உடல், மனம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் கலந்திருப்பதாகக் கருதினார். அதனால்தான் ஹாஸ்பிஸ் ஒரு மருத்துவரின் பணியாக நில்லாமல் குழுவின் பணியாயிற்று.

வலிநிவாரணியின் வகையையும் அளவையும் மருத்துவர் முடிவுசெய்கிறார். மார்ஃபின் எழுதும்போதே அது உண்டாக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதுவது அவர் கடமை. நோயாளியை அடிக்கடி பார்ப்பவர் செவிலியர் என்பதால், மாற்றங்களை முதலில் உணர்ந்து மருத்துவருக்குத் தெரிவிப்பதும், வேளைதவறாமல் மருந்து கொடுக்கக் குடும்பத்தாரைப் பழக்குவதும் அவர் பொறுப்பு. குளிப்பாட்டுதல், வாயைத் தூய்மைசெய்தல், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தல் ஆகியவை உதவிப் பராமரிப்பாளரின் வேலைகள். குறைவாக மதிக்கப்படும் இவ்வேலைகளே நோயாளிக்கு உடனடி ஆறுதல் தருகின்றன. பணநெருக்கடியையும் உறவுச் சிக்கல்களையும் சமூகப் பணியாளர் கவனிக்கிறார். ஆன்மிக ஆலோசகர் மதம் போதிக்க வருபவர் அல்லர். நோயாளியின் அச்சத்தையும் கேள்விகளையும் செவிமடுப்பவர். தன்னார்வலர் உடனிருந்து பேசுவதால் குடும்பத்தாருக்குச் சற்று ஓய்வு கிடைக்கிறது. குடும்பத்தாரோ குழுவில் ஒருவராகவும் அக்குழுவின் பராமரிப்பைப் பெறுபவராகவும் இருக்கின்றனர். மரணத்துக்குப் பின்னும் துயர ஆலோசகர் அவர்களோடு தொடர்பில் இருப்பார்.

தமிழில் ஹாஸ்பிஸை ‘மரண விடுதி’ என்பது பொருந்தாது. இப்பராமரிப்பை வீட்டிலும் பெறலாம் என்பதால், ‘விடுதி’ என்பதே பொருளைச் சுருக்கிவிடுகிறது. ‘கருணை இல்லம்’ ஆதரவற்றோர் காப்பகத்தை நினைவூட்டும். ‘நோய்த்தணிப்புப் பராமரிப்பு’ (palliative care) என்பதோ ஹாஸ்பிஸைவிட விரிந்த பொருளுடையது. நோய் கண்டறியப்பட்ட நாள்முதலே, குணப்படுத்தும் சிகிச்சையோடு சேர்த்தும் அதனை வழங்கலாம். ஆகவே ‘இறுதிக்காலப் பராமரிப்பு’ என்பதே தக்க சொல். கட்டடத்தைச் சுட்ட வேண்டுமாயின் ‘இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம்’ எனலாம்.

பராமரிப்பவருக்குத் திருக்குறளிலேயே சொல் இருக்கிறது. நோயுற்றவன், தீர்ப்பான், மருந்து ஆகியவற்றோடு ‘உழைச்செல்வான்’ என்பவனையும் சேர்த்து மருத்துவத்தின் நான்கு கூறுகளாக 950ஆம் குறள் எண்ணுகிறது. ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்று பொருள். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தூட்டிப் பேணும் செவிலியரையும் உதவிப் பராமரிப்பாளரையும் குறிக்க, ‘உழைச்செல்வோர்’ என்னும் பன்மை வடிவை இன்றும் தயக்கமின்றிக் கையாளலாம்.