கனவை ஆள அலாரம் எதற்கு?

போன வாரம் திருப்பூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு 23 வயது, பனியன் கம்பெனியில் வேலை. நாற்காலியில் உட்காரும் முன்பே அம்மா ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க டாக்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு அலாரம், நாலு மணிக்கு ஒரு அலாரமுங்க. கேட்டா கனவுல பறக்கோணுங்கறான். நேத்து அவினாசி ரோட்டுல வண்டியோட விழுந்துட்டு வந்திருக்கானுங்க." பையனின் முழங்கையில் சிராய்ப்பு இன்னும் ஈரமாக இருந்தது. வண்டி ஓட்டும்போதே கண் சொக்கியிருக்கிறது. பின்னால் லாரி வராதது அவன் அதிர்ஷ்டம்.

இது எனக்கு முதல் கேஸாக இருந்திருந்தால் மருந்தெழுதி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். இந்த வருடம் இது ஐந்தாவது. அதனால்தான் எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றி.

இந்தப் பிள்ளைகள் அலாரம் வைத்துத் துரத்துவது லூசிட் ட்ரீமை. அதாவது கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று நமக்குத் தெரிவது. மந்திரமில்லை, ஆவி உடம்பை விட்டுப் போவதும் இல்லை. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்ற ஆய்வாளர் இதைப் பதிவே செய்துவிட்டார். தூங்கிக்கொண்டிருந்தவர், முன்பே பேசி வைத்தபடி, கனவுக்குள்ளிருந்து கண்ணை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் வாழ்நாளில் ஒருமுறையாவது இது தானாகவே வந்திருக்கிறது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். வருகிற பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "கனவுன்னு தெரியுதுங்க சார், ஆனா நான் சொல்றது நடக்க மாட்டேங்குது. எனக்கு மன உறுதி பத்தலீங்களா?" யாரோ வீடியோவில் சொல்லிவிட்டார்கள், கனவென்று தெரிந்த நொடியே நீ ராஜா என்று. தெரிவது வேறு, ஆள்வது வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் எல்லா வினையும். ராஜாவாக முடியாதபோது தன்னையே குறை சொல்லிக்கொண்டு இன்னொரு அலாரம் வைக்கிறார்கள்.

2021-இல் நான்கு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து கனவு காண்பவர்களிடம் கேள்வி கேட்டுப் பார்த்தன. எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்பது மாதிரிச் சின்னக் கணக்குகள். சரியான பதில் வந்தது ஐந்தில் ஒரு முறைக்கும் குறைவு. பாதிக்கு மேல் பதிலே இல்லை. ஆய்வகத்தில், பழகியவர்களும் இருந்த குழுவிலேயே நிலைமை இது. அப்புறம் நீங்கள் ஏன் உங்களை நொந்துகொள்கிறீர்கள்?

எங்கள் ஊரில் கிணற்றில்தான் நீச்சல் பழகினோம். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பாரு தள்ளிவிடுவார். கைகாலைப் போட்டு அடித்தவன் தண்ணீர் குடித்தான். உடம்பைத் தளர்த்தினவன் மிதந்தான். கனவிலும் அப்படித்தான். அங்கே காட்சியைக் கட்டுவது உங்கள் நினைவும் எதிர்பார்ப்பும். பறக்க முடியுமோ முடியாதோ என்று நினைத்துக்கொண்டே குதித்தால் அந்தச் சந்தேகம்தான் காட்சியாகும், பொத்தென்று விழுவீர்கள்.

ஈரோட்டிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவிக்குத் திரும்பத் திரும்ப ஒரு கனவு. கோபிப் பக்கம் அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், நடுவில் முற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீடு, ஆசாரக் கூடத்தில் ஒரே இருட்டு, மூலையில் யாரோ நிற்கிறார்கள். கனவென்று அவளுக்குத் தெரிகிறது. ஓடிப்போய் லைட் ஸ்விட்சைத் தட்டுகிறாள், எரியவில்லை. மறுபடி தட்டுகிறாள். பயத்தில் விழித்துவிடுகிறாள். கனவில் ஸ்விட்ச் வேலை செய்வதில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள், அவளிடம் ஒரு குறையும் இல்லை. "ஸ்விட்சை விட்டுடு கண்ணு. அந்த வீட்ல வெளிச்சம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன். "தொட்டியிலிருந்துங்க, நடுவுல மேல திறந்திருக்கும்" என்றாள். சரி, அடுத்த முறை அந்தப் பக்கம் நடந்து போ, பகலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போ, அவ்வளவுதான் என்றேன். பகலில் விழித்திருக்கும்போதே கண்ணை மூடி அந்த நடையை நாலைந்து முறை ஒத்திகை பார்க்கச் சொன்னேன். கெட்ட கனவுக்கு நாங்கள் தரும் சிகிச்சையிலும் இந்த ஒத்திகைதான் பாதி. மூன்று வாரம் கழித்து வந்தாள். தொட்டியில் வெயில் அடித்ததாம். மூலையில் நின்றது தானியக் குதிராம்.

கனவென்று தெரிந்ததும் சந்தோஷத்தில் விழிப்புத் தட்டுகிறதா? கனவுக்குள்ளேயே உள்ளங்கை இரண்டையும் தேயுங்கள், சுவரைத் தொடுங்கள், காலடியில் தரையைக் கவனியுங்கள். பறப்பதெல்லாம் அப்புறம். முதல் சில தடவை சும்மா சுற்றிப் பாருங்கள், போதும்.

இப்போது அலாரத்துக்கு வருகிறேன். கதை போல நீளும் கனவுகள் பெரும்பாலும் ரெம் தூக்கத்தில், அதாவது மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் கட்டத்தில், வருகின்றன. அந்தத் தூக்கம் விடியப் போகும் நேரத்தில்தான் நீளும். பத்தரைக்குப் படுப்பவர் இரண்டு மணிக்கு அலாரம் வைத்தால் கனவு கிடைப்பது அரிது, தூக்கம் போவதுதான் மிச்சம். ஐந்து மணி நேரம் தூங்கி எழுபவர் கனவு வளமாக விளையும் கடைசிப் பகுதியைத்தான் வெட்டி எறிகிறார். ஏழெட்டு மணி நேரம் தூங்குங்கள். இதை நான் சொன்னால் பிள்ளைகளின் முகம் தொங்கிப்போகிறது, இதற்குத்தானா டாக்டர் என்பது போல. ஆமாம் சாமி, இதற்குத்தான்.

தலைமாட்டில் நோட்டு வையுங்கள். விழித்ததும் போனைத் தொடாமல் கனவை எழுதுங்கள், இரண்டு வாரம். படுக்கும்போது கடைசிக் கனவை நினைத்து, 'இனிக் கனவு வந்தால் அது கனவென்று எனக்குத் தெரியும்' என்று சொல்லிக்கொண்டு தூங்குங்கள். பகலில் டவுன்பஸ் போர்டை ஒருமுறை படித்து, பார்வையைத் திருப்பி, மறுபடி படித்துப் பாருங்கள். இந்தப் பழக்கம் கனவிலும் வந்தால் கனவு பிடிபடும், அங்கே எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். தூக்கத்தின் நடுவில் அலாரம் வைத்து எழுந்து மறுபடி தூங்கும் முறையைச் செய்தே தீருவேன் என்றால் வாரத்தில் ஒரு நாள், மறுநாள் லீவாக இருந்தால் மட்டும். அன்று வண்டி எடுக்கக் கூடாது.

விசைத்தறியிலோ மில்லிலோ நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் அலாரம் முறையைத் தொடவே வேண்டாம். உங்கள் தூக்கம் ஏற்கனவே கிழிந்து கிடக்கிறது.

விழித்தும் கைகால் அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தால் அது தூக்க வாதம். 'அமுக்கான் பேய்' என்று வீட்டில் சொல்வார்கள். தூக்கத்தை உடைத்தால் அடிக்கடி வரும். ஓரிரு நிமிடத்தில் தானே விடும். மூச்சைக் கவனித்து விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள்.

கேலன்டமைன் மாத்திரையை இணையத்தில் வாங்கி விழுங்குபவர்களுக்கு: அது அல்சைமர் மறதி நோய்க்கு எழுதும் மருந்து. அது கனவைக் கூட்டுவது உண்மை. குமட்டும், நாடித் துடிப்பைக் குறைக்கும், மயங்கி விழவும் வைக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் தொடாதீர்கள்.

உங்களுக்கோ ரத்த உறவில் யாருக்கோ மனச்சிதைவோ, அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறோ இருந்தால் இந்தப் பயிற்சியே வேண்டாம், தயவுசெய்து. தூக்கம் கெடுவதே நோயைக் கிளப்பிவிடலாம். பகலில் 'இது நிஜமா கனவா' என்ற குழப்பம் விடாமல் துரத்தினால் அன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். கோயிலில் கயிறு கட்டுவதைத் தடுக்க மாட்டேன், கட்டிவிட்டு நேராக வாருங்கள்.

திருப்பூர்த் தம்பி என் எதிரிலேயே இரண்டு அலாரத்தையும் அழித்தான். ஒரு மாதத்துக்கு வண்டிச் சாவி அவன் அம்மாவிடம் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.