"நோர்மல்" என்று வந்த ரிப்போர்ட்: தீயணைப்பு வீரரின் நுரையீரலில் நடப்பது என்ன?

சோளகம் வீசும் நாளில் யாழ்ப்பாணத்துக் கல்லுண்டாய் வெளியால் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தக் காற்றின் பலம் தெரியும். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அண்ணை ஒருவர் சின்ன வயதிலிருந்தே அந்த வீதியால் போய்வருகிறவர். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தீயணைப்பு வேலை செய்தவர். கொஞ்சக் காலம் வெளிநாட்டில், மிச்சம் இலங்கையில். சிகரெட் பழக்கம் இல்லை. போன வருடம் பாதி வழியில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். "முந்தி இப்பிடி இல்லைத் தம்பி. இப்ப கொஞ்சம் மிதிச்சாலே களைக்குது." சோதிக்கப் போன இடத்தில் ஒரு குழாயில் ஊதச் சொல்லி அளந்து பார்த்தார்கள். "நோர்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவருக்குக் களைப்பது உண்மை. அந்த ரிப்போர்ட்டில் இருந்த எண்ணும் பிழையில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கலாம் என்பது எனக்குப் பல நாள் விளங்கவில்லை. விளங்கிய பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் புகையைப் பார்ப்போம். பனங்காணியில் காவோலை பற்றி எரியும்போது வரும் புகை வேறு, ஒரு வீடு எரியும்போது வரும் புகை வேறு. ஓலையும் விறகும் எரிந்தால் நுண்துகள்களோடு அக்ரோலீன், போர்மல்டிகைட்டு போன்ற கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாயுக்கள் வரும். வீட்டுக்குள் இருப்பதோ மெத்தைப் பஞ்சு, பிவிசி குழாய், வயர், பிளாஸ்ரிக் கதிரை. மெத்தையில் இருக்கும் பொலியூரத்தேன் எரிந்தால் ஐதரசன் சயனைட்டு என்ற நஞ்சு வாயு வரும். பிவிசி எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வரும். ஈரத்தில் பட்டவுடன் அது அமிலமாகிவிடும். குப்பைமேடு பற்றினால் நிலைமை இன்னும் மோசம். சுவாலை இல்லாமல் நாள்கணக்கில் உள்ளுக்குள் புகைவதால் எதுவுமே முழுமையாக எரிந்து முடிவதில்லை. அரைகுறையாக எரியும் நெருப்புத்தான் காபனோரொட்சைட்டை அதிகமாகத் தரும். அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக, குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் புகைக்குள் ஒருவர் சும்மா நிற்பதில்லை. தண்ணீர்க் குழாயைத் தோளில் இழுக்கிறார், கதவை உடைக்கிறார். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் காற்றை உள்ளிழுக்கும் மனிதர், கடும் வேலையில் அதைப்போல் பத்து மடங்கு வரை இழுப்பார். அதுவும் வாயால். மூக்கு என்ற முதல் வடிகட்டி அப்போதே கைவிடப்பட்டுவிடுகிறது.

மூக்கில் தப்பிய துகள் எங்கே போய் நிற்கும் என்பதை அதன் பருமன்தான் தீர்மானிக்கும். 10 மைக்கிரோமீற்றருக்கு மேற்பட்டவை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். 2.5 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்தவை மூச்சுக்குழாயின் இருபதுக்கு மேற்பட்ட கிளைப்பிரிவுகளையும் தாண்டி, கடைசியில் இருக்கும் காற்றுச் சிற்றறைகள் வரை போய்விடும். தண்ணீரில் இலகுவாகக் கரையும் வாயுக்கள் தனியாக வந்தால் தொண்டையோடு நின்றுவிடும். இருமல் வரும், ஆள் விலகி ஓடுவார். ஆனால் அவை கரித்துகளில் ஏறிக்கொண்டு வந்தால், தாமாகப் போக முடியாத ஆழத்துக்கும் போய்விடும்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் பிசிர்கள் இருக்கின்றன. நாற்று வயல் காற்றில் ஒரே பக்கம் அசைவதுபோல் அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய அழுக்கையும் மேலே தள்ளிக்கொண்டிருப்பது அவற்றின் வேலை. அக்ரோலீன் அந்தப் பிசிர்களை முடக்கிவிடும். அழுக்கு தேங்கும். அதை விழுங்கித் துப்புரவு செய்யும் கலங்கள் கரியை விழுங்கிய பிறகு, உதவிக்கு ஆள் வேண்டுமென்று இரசாயனச் சைகைகளை அனுப்பும். வெள்ளைக் குருதிக் கலங்கள் கூட்டமாக வந்து, கிருமியை அழிக்கும் நொதியங்களைக் கொட்டும். அங்கே கிருமி இல்லை, கரிதான் இருக்கிறது. அந்த நொதியங்கள் நுரையீரலைச் சுருங்கி விரிய வைக்கும் நார்களையே அரிக்கத் தொடங்கும்.

ஒருமுறை நடந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்தால் மூச்சுக்குழாயின் சுவர் தடிக்கும், சளி சுரக்கும் கலங்கள் பெருகும், சின்னத் தூசிக்கே குழாய் இறுகும் குணம் வந்துவிடும். இது தொடங்குவது பெரும்பாலும் 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த சிறு குழாய்களில். அவை எண்ணிக்கையில் மிக அதிகம். சில அடைபட்டாலும் மற்றவை ஈடுகொடுத்துவிடும். அதனால் ஊதும் சோதனையில் தொடக்கத்தில் எதுவும் தெரியாது. நுரையீரல் மருத்துவர்கள் அந்தப் பகுதியை மௌன வலயம் என்றே சொல்வார்கள்.

சரி, இனி அந்த "நோர்மல்" விஷயத்துக்கு வருவோம். ஊதும் சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது, முழு மூச்சையும் இழுத்துப் பலமாக ஊதும்போது முதல் ஒரு செக்கனில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதை. நல்ல உடல்நலமுள்ள, புகைக்காத ஒருவருக்குக்கூட முப்பது வயதை ஒட்டி இது குறையத் தொடங்கும். வருடத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிலீற்றர். இது எல்லோருக்கும் பொதுவான தேய்மானம்.

கணக்குக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 28 வயதில் அவரைப்போல் உயரமுள்ள சராசரி மனிதருக்கு 3.4 லீற்றர் என்று வைப்போம். தீயணைப்புக்கு ஓடவும் ஏறவும் கூடிய திடமான ஆட்களைத்தான் எடுப்பார்கள். ஆகவே இவருக்கு 3.9. இருபத்தேழு வருடம் கழித்துச் சராசரி மனிதர் 2.7 லீற்றருக்கு இறங்கியிருப்பார். அதில் 80 வீதத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 2.2க்கு மேல் இருந்தால் நோர்மல் என்று எடுப்பது வழக்கம். நம்முடைய ஆள் வருடத்துக்கு 55 மில்லிலீற்றர் வீதம், இரண்டு மடங்கு வேகத்தில் இழந்திருந்தால் 2.4 லீற்றரில் நிற்பார். ரிப்போர்ட் நோர்மல். புகை படாமல் இருந்திருந்தால் அவருக்கு 3.2 இருந்திருக்கும். முக்கால் லீற்றருக்கு மேல் போய்விட்டது, எந்தத் தாளிலும் அது இல்லை. சோளகத்தில் மிதிக்கும்போது மட்டும் தெரிகிறது.

இந்த இரண்டு மடங்கு நான் சும்மா எடுத்த எண் இல்லை. பொஸ்டன் நகரத் தீயணைப்பு வீரர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அளந்து 1974இல் வெளியான ஆய்வில், இழப்பு வருடத்துக்கு 68 மில்லிலீற்றர் என்று வந்தது. கூடுதலான நெருப்புக்குப் போனவர்களுக்குக் கூடுதலான இழப்பு. அதே நகரத்தில் சில வருடம் கழித்துத் தொடர்ந்து பார்த்தபோது வேகம் குறைந்திருந்தது. சுவாசக் கருவியின் பாவனை கூடியது ஒரு காரணம். முடியாமல் போனவர்கள் இலகுவான வேலைக்கு மாறிவிட்டது இன்னொன்று. பிந்திய ஆய்வுகள் சிலவற்றில் சாதாரண மக்களோடு பெரிய வித்தியாசமே தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை இது நல்ல செய்திதான்: கருவியை ஒழுங்காகப் போட்டால் நுரையீரல் தப்பும்.

நியூயோர்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து விழுந்த 2001 செப்ரெம்பர் 11க்குப் பிறகு நடந்தது வேறு கதை. அது நெருப்புப் புகையைவிட, நொறுங்கிய கொங்கிறீற்றின் காரத்தன்மையுள்ள தூசு. புகைபிடிக்காத தீயணைப்பு வீரர்களுக்கு முதல் வருடத்திலேயே சராசரியாக 439 மில்லிலீற்றர் குறைந்தது. அடுத்த ஆறு வருடத்திலும் அது மீளவில்லை. இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அனர்த்தத்துக்கு முன்னரே அவர்களின் மூச்சை அளந்து எழுதி வைத்திருந்தார்கள்.

அண்ணையிடம் எப்போது அதிகமாகப் புகை குடித்திருப்பீர்கள் என்று கேட்டேன். பெரிய சுவாலையைச் சொல்வார் என்று நினைத்தேன். "நெருப்பு அணைஞ்சாப் பிறகுதான் தம்பி. உள்ளுக்க போய்க் கிளறிப் பாக்க வேணும், எங்கையும் கங்கு இருக்கோ எண்டு. வெக்கையும் வேர்வையும். அப்பதான் மாஸ்க்கைக் கழட்டுவம்." அளந்து பார்த்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. கண்ணுக்குப் புகை தெரியாத அந்த நேரத்திலும் காபனோரொட்சைட்டு, போர்மல்டிகைட்டு, அக்ரோலீன் எல்லாம் காற்றில் இருக்கும். கூரை அஸ்பெஸ்ரஸ் சீற்றாக இருந்தால், வெப்பத்தில் வெடித்துச் சிதறிய சீற்றின் நார்களும் இருக்கும். தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2022இல் வகைப்படுத்தியபோது, உறுதியான சான்றுள்ள நோய்களில் ஒன்றாகச் சொன்னது நுரையீரலைச் சுற்றியுள்ள உறை போன்ற சவ்வுகளில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். அஸ்பெஸ்ரஸ் நாரோடு தொடர்புடைய நோய் அது.

நனைத்த சால்வையை மூக்கில் கட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊரில் வளவு பற்றினால் எல்லோரும் அதைத்தான் செய்வோம். பெரிய சாம்பல் துகளை அது பிடிக்கும். காபனோரொட்சைட்டுக்கு அது ஒரு தடையே இல்லை. முதுகில் காற்றுச் சிலிண்டரோடு வரும் கருவிக்கு மாற்று எதுவும் கிடையாது.

அண்ணைக்கு வேலையில் சேர்ந்தபோது அளந்த எண் எதுவும் கையில் இல்லை. அதனால் இழந்தது எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இன்றைய எண்ணை வைத்து நாளைய இழப்பைப் பார்க்கலாம். இந்த முறை ரிப்போர்ட்டில் வீதக் கணக்கை மட்டும் பார்க்காமல், லீற்றரில் இருக்கும் எண்ணைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பிளாஸ்ரிக் கவருக்குள் வைத்திருக்கிறார். அடுத்த சோளகத்துக்கு முன் மறுபடி ஊதப் போகிறார்.