அம்மோனியா பசுமையாம், அதனால் மாஸ்க் வேண்டாமாம்!

போன வாரம் பாதுகாப்பு வகுப்பில் ஒரு தம்பி கைப்பேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த காணொளி. ஜப்பானில் நிலக்கரியோடு அம்மோனியாவையும் சேர்த்து எரிக்கிறார்கள், வெறும் நைட்ரஜனும் தண்ணீரும்தான் வெளியே வருகிறது என்று ஒரு குரல் சொல்கிறது. "அண்ணே, இவ்வளவு சுத்தமான சரக்குக்கா இப்படிப் பயமுறுத்துறீங்க?" என்றார். வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில நாள்களுக்கு முன்புதான் கண்ணில் கட்டோடு இருந்த ஒருவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அம்மோனியாவை வைத்துக் குளிரூட்டும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் கம்ப்ரசர் அறையில், உள்ளே தேங்கிய எண்ணெயை வடிக்கப் போனவர். வால்வைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். எண்ணெய் தீர்ந்ததும் பின்னாலேயே அம்மோனியா பீய்ச்சி அடித்துவிட்டது. மாஸ்க் அலமாரியில் பத்திரமாக இருந்தது. எண்ணெய் வடிக்கும்போது நடக்கும் விபத்தை இன்னும் எத்தனை தடவைதான் எழுதுவது?

காணொளியில் சொன்னது பாதி உண்மை. அய்ச்சி மாநிலத்தின் ஹெக்கினான் மின்நிலையத்தில், 1,000 மெகாவாட் திறனுள்ள 4ஆம் அலகில், 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை சோதனை நடந்தது. தேவையான வெப்பத்தில் 20 விழுக்காட்டை அம்மோனியா கொடுத்தது. காற்றை மாசாக்கும் நைட்ரஜன் ஆக்சைடு கூடிவிடும் என்று பலர் பயந்தார்கள். நிலக்கரியை மட்டும் எரிக்கும்போது வரும் அளவுக்குள்ளேயே நின்றது. பொறியாளர்களுக்கு ஒரு சபாஷ். ஆனால் மீதி 80 விழுக்காடு வெப்பம் அதே கறுப்பு நிலக்கரிதான். அதைக் காணொளிக்காரர் சொல்லவில்லை.

அம்மோனியா எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர் சொல்லவில்லை. இன்றைக்கு உலகில் தயாராகும் அம்மோனியாவில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவது. எரிவாயுவிலிருந்து ஒரு டன் தயாரித்தாலே ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. வீட்டில் அடுப்பு மூட்டாமல் கடையில் சாப்பாடு வாங்கிவிட்டு, 'எங்கள் சமையலில் புகையே இல்லை' என்று பெருமை பேசுவது போலத்தான். அந்தக் கரியமில வாயுவைப் பிடித்துப் புதைத்தால், அல்லது சூரிய ஒளி, காற்று மின்சாரத்தில் தயாரித்தால் கணக்கு மாறும். சரி, அந்தச் சண்டையைப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

என் வயிற்றெரிச்சல் வேறு. 'பசுமை' என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்கள் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்கள். தம்பிகளே, பசுமை என்பது புகைபோக்கிக்கு வெளியே போடும் கணக்கு. எரிந்து முடிந்த அம்மோனியாதான் நைட்ரஜனும் தண்ணீரும். நீங்கள் வேலை பார்ப்பதோ எரியாத அம்மோனியாவோடு: டேங்கில், குழாயில், பம்ப் சீலில், குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சில். அதற்கு உங்கள் நுரையீரலும் தெரியாது, பருவநிலை மாநாடும் தெரியாது. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டும். கண், தொண்டை, வியர்த்த அக்குள். (இடுப்புக்குக் கீழேயும்தான். வகுப்பில் அப்போதுதான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.)

அளவையும் யோசியுங்கள். ஹெக்கினான் போன்ற ஒரே ஒரு அலகில் ஆண்டு முழுவதும் 20 விழுக்காடு கலந்தால் சுமார் 5 லட்சம் டன் வேண்டும். நம் சிங்கப்பூரில் நிலக்கரியோடு கலக்கும் பேச்சு இல்லை. ஆனால் ஜூரோங் தீவில் அம்மோனியாவை எரித்து 55 முதல் 65 மெகாவாட் மின்சாரம் எடுக்கவும், கப்பல்களுக்கு எரிபொருளாகக் கொடுக்கவும் திட்டம் இருக்கிறது. 2024 மார்ச்சிலேயே அங்கே ஒரு கப்பலுக்கு அம்மோனியா நிரப்பிப் பார்த்தாயிற்று. கிடங்கு வேலையில் பழகிய அலட்சியத்தோடு யாரும் அங்கே போய் நிற்க வேண்டாம்.

"நாத்தம் வந்தா ஓடிடலாம்ணே" என்பார்கள். 5 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 5 பங்கு) அளவிலேயே பலருக்கு வாடை தெரியும், உண்மைதான். எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 25. ஆனால் கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். 300ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அப்போது கண்ணைத் திறக்கவே முடியாது. எந்தக் கதவைத் தேடி ஓடுவீர்கள்?

ஆகவே: வாயுவை அளக்கும் மீட்டர் இல்லாமல் வால்வைத் தொடாதீர்கள். எண்ணெய் வடிக்கத் தனியாகப் போகாதீர்கள். விட்டால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு இல்லையென்றால் வேலையை நிறுத்திச் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். வடிகட்டி பொருத்திய கார்ட்ரிஜ் மாஸ்க் லேசான கசிவுக்குத்தான். அளவு தெரியாத இடத்துக்குக் காற்று சிலிண்டர் வேண்டும். தரையில் தேங்கிய திரவத்தின்மேல் தண்ணீர் அடிக்காதீர்கள், கொதித்துக் கிளம்பும். காற்றுக்குக் குறுக்கே நடந்து விலகுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவுங்கள். தேய்க்கவே கூடாது, தயவுசெய்து.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 26 இரவு சென்னை எண்ணூரில் கடலடி அம்மோனியாக் குழாய் கசிந்தபோது, ஜனங்கள் நள்ளிரவில் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் வேறென்ன செய்வார்கள்? இங்கே குடிமைத் தற்காப்புப் படை உள்ளேயே இருக்கச் சொன்னால் இருங்கள். சன்னல், கதவை மூடி, ஏர்கானை நிறுத்தி, இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து, வானொலியைக் கேளுங்கள். வேடிக்கை பார்க்கவும் படம் பிடிக்கவும் காரிடாருக்கு வராதீர்கள்.

காணொளி காட்டிய தம்பிக்கு அடர்த்தியான தாடி. அதோடு எந்த மாஸ்க்கும் முகத்தில் படியாது. அடுத்த புதன்கிழமை அவருக்கு ஃபிட் டெஸ்ட், மாஸ்க் இடைவெளி இல்லாமல் படிகிறதா என்று பார்க்கும் சோதனை. தாடியோடு வந்தால் திருப்பி அனுப்புவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஊரில் கல்யாணம் இருக்கிறதாம், யோசிக்கிறார்.